சென்னையின் எஃப்.சி.க்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒத்துவருகிறார்களா?

கேள்வி இதுதான்: "சென்னையின் எஃப்.சி. வருஷா வருஷம் ஐந்தாறு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கூட்டி வருகிறது. பெயர் நம் வாயில் நுழைவதற்குள் பாதிப் பேர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். இவர்கள் நம் அணிக்கு ஒத்துவருகிறார்களா? அந்தக் காசை நம்ம ஊர்ப் பையன்கள் மேல் போட்டால் என்ன? அடுத்து யாரைத்தான் எடுக்க வேண்டும்?"

நம் ஊர்க் கால்பந்துக் கிளப்பைப் பற்றி மூன்று கேள்விகள். முதலாவதற்கு என் பதில்: ஒத்துவந்திருக்கிறார்கள், ஆனால் பக்கத்தில் ஆடிய இந்திய ஆட்டக்காரர்கள் நன்றாக இருந்த வருஷங்களில் மட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது 2015. ஒரு சீசன் சரியில்லை என்றால் ரசிகர்களாகிய நாம் முதலில் திட்டுவது ஸ்ட்ரைக்கராக வந்த வெளிநாட்டுக்காரரைத்தான். அணியில் ஓட்டை விழுந்தது பெரும்பாலும் வேறு இடத்தில்.

முதலில் பெரிய பெயர்களின் காலத்தைப் பார்த்துவிடலாம். 2014-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம், இந்தியர் ஐந்து பேர் இருந்தால் போதும். சென்னைக்கு மார்கோ மட்டராசி வந்தார், பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும். 2006 உலகக் கோப்பை வென்ற இத்தாலிய அணியில் ஆடியவர். அதே அணியில் இருந்த அலெசாண்ட்ரோ நெஸ்டாவையும் சீசன் நடுவில் கூட்டி வந்தார். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து அந்த ஆண்டின் கோல்டன் பூட், அதாவது அதிக கோல் அடித்தவருக்கான விருது, வாங்கினார். அவருடைய ஃப்ரீ கிக்கைப் பார்ப்பதற்காகவே நேரு ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் உண்டு. லீக் பட்டியலில் முதலிடம். அப்புறம் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் கொச்சியில் 0-3. இங்கே மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில் கடைசியாக ஒன்று வாங்கித் தோற்றோம். அந்த ராத்திரியைப் பற்றி இன்னும் பேசாமல் இருப்பதே நல்லது.

2015 தனிக்கதை. சீசன் பாதியில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் கொல்கத்தாவுக்கு எதிரான சொந்த மைதான ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அங்கே 3-0. இறுதிப் போட்டியில் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று, கடைசி நிமிடங்களில் அடித்த கோல்களால் வென்றது. கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா அந்த சீசனில் 13 கோல் அடித்தார். வெற்றிக் கோலும் அவருடையதுதான். ஓர் ஆள் ஓர் அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போன வருஷம் அது.

ஆனால் அதை வைத்துக்கொண்டு "இன்னொரு மென்டோசா கிடைத்தால் போதும்" என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்போது லீக் என்பதே அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும் திருவிழா. மொத்தம் 14 லீக் ஆட்டம். ஒருவர் இரண்டு மாதம் உச்சத்தில் இருந்தால் கோப்பை வந்துவிடும். 2024-25-ல் ஓர் அணி ஆடியது 24 லீக் ஆட்டம், செப்டம்பர் முதல் மார்ச் வரை. களத்தில் அனுமதிக்கும் வெளிநாட்டவரும் 2017-18-ல் ஐந்தாகவும், 2021-22-ல் நான்காகவும் குறைந்துவிட்டார்கள். பதினொரு பேரில் ஏழு பேர் இந்தியர். இந்தக் கணக்கில் ஒற்றை ஆளை நம்பி யாரும் ஏழு மாதம் ஓட்ட முடியாது. அவ்வளவு ஏன், மென்டோசா போன மறு வருஷமே, லிவர்பூலில் ஆடிய ஜான் ஆர்னே ரீசே என்ற பெரிய பெயர் இருந்தும், எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தோம்.

என் வாதத்துக்கு ஆதாரமான சீசன் 2017-18. ஜான் கிரிகரி பயிற்சியாளர். மார்க்கீ (பெரிய பெயருக்காக எடுக்கும் ஆள்), நட்சத்திரம் என்று யாரும் இல்லை. போர்ச்சுகலின் ஹென்ரிக் செரெனோ கேப்டன், பக்கத்தில் பிரேசிலின் மெய்ல்சன் ஆல்வெஸ். இருவரும் நடுத் தடுப்பில். ஸ்பெயினின் இனிகோ கால்டெரோன் வலது பக்கம். நடுவில் ராஃபேல் அகஸ்டோ, ஓரத்தில் நெதர்லாந்தின் கிரெகரி நெல்சன். கோலடிக்கும் பொறுப்பு மிசோரமின் ஜேஜே லால்பெக்லுவாவிடம். அந்த சீசனில் அணியில் அதிக கோல் அவருடையதுதான், 9. நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷும் டேராடூனிலிருந்து வந்த இளைஞர் அனிருத் தாபாவும் மூச்சு முட்ட ஓடினார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். கோவாவுக்கு எதிரான அரையிறுதி, இரண்டு ஆட்டம். அங்கே 1-1, நம் கோல் தாபா. இங்கே 3-0: ஜேஜே, தனபால் கணேஷ், மறுபடி ஜேஜே. நான்கு கோலும் இந்தியர்கள் அடித்தவை. அடுத்து பெங்களூரு எஃப்.சி.க்கு எதிராக, அவர்களுடைய கண்டீரவா மைதானத்தில் இறுதிப் போட்டி. சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார். பிறகு மெய்ல்சன் இரண்டு தடவை நெல்சனின் கார்னரைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். மூன்றாவது ராஃபேல் அகஸ்டோ. 3-2. இறுதியில் நம் மூன்று கோலும் பிரேசில்காரர்கள் அடித்தவை. வெளிநாட்டவரா உள்ளூரா என்று சண்டை போடுபவர்கள் இரண்டு பேருமே இந்த மூன்று ஆட்டத்தையும் வரிசையாகப் பார்த்தால் நன்றாக இருக்கும். ஒரு பாதி இல்லாமல் மறுபாதி கோப்பைக்கு அருகில்கூடப் போயிருக்காது.

"அப்படியானால் நல்ல வெளிநாட்டவரைப் போக விடாமல் வைத்துக்கொண்டால் போதுமே" என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2018-19-ல் மெய்ல்சன், ராஃபேல் அகஸ்டோ, நெல்சன் எல்லோரும் அணியில் இருந்தார்கள், பயிற்சியாளரும் அதே கிரிகரி. 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். நடப்புச் சாம்பியன்! என்ன ஆயிற்று? தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஜேஜேயின் கால் அந்த வருஷம் கோலையே மறந்துவிட்டது. முன்வரிசைக்கு என்று எடுத்த கார்லோஸ் சலோம் அந்த இடத்தை நிரப்பவில்லை. ஸ்டேடியத்தில் வசவு முழுக்க சலோமுக்குத்தான் விழுந்தது. தனபால் இல்லாத நடுக்களத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பந்தைப் பறித்துக் கொடுக்க ஆள் இல்லாதபோது சலோம் இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் பட்டினிதான்.

அதே 2018-19-ல் கோயம்புத்தூரில் என்ன நடந்தது என்பதைச் சென்னைக்காரர்கள் பலர் கவனிக்கவே இல்லை. சென்னை சிட்டி எஃப்.சி., பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். நாட்டின் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். அவர் ஸ்பெயினிலிருந்து நான்கு பேரை அழைத்து வந்தார்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லவா. தொலைக்காட்சியில் நாம் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. மான்சி 21 கோல் அடித்தார். கூட ஆடியவர்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் என்று தமிழ்நாட்டுப் பையன்கள் வரிசையாக உண்டு. கோப்பையை உறுதி செய்த மினர்வா பஞ்சாப் ஆட்டம் 3-1. அதில் மான்சி ஒரு பெனால்டி அடித்தார், மற்ற இரண்டையும் அடித்தது தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. நான்கு பேரும் ஒரே மொழி பேசுபவர்கள், ஒரே பாணியில் பழகியவர்கள். பயிற்சியாளர் தனக்கு என்ன ஆட்டம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற ஆட்களைத் தேடியிருக்கிறார். நம் அணியில் பல வருஷம் ஆளை முதலில் எடுத்துவிட்டு ஆட்டத்தை அப்புறம் யோசித்தார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

(சென்னை சிட்டி நீடிக்கவில்லை என்பதும் உண்மை. 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானுக்குப் போனார், நல்ல உள்ளூர் ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராக ஐஎஸ்எல் அணிகளுக்குப் பறந்தார்கள். சின்ன கிளப்புக்கு வெற்றியே ஆபத்து.)

2019-20-ல் மறுபடி ஒரு நல்ல காலம். முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, கிரிகரி விலகினார், ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காய்ல் டிசம்பரில் வந்தார். அதே ஆட்கள்தான். லிதுவேனியாவின் நெரியூஸ் வால்ஸ்கிஸ் 15 கோலோடு கோல்டன் பூட் வாங்கினார். அவருக்குப் பின்னால் பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, இடது காலில் மந்திரம் வைத்திருந்தவர். மால்டாவின் ஆண்ட்ரே ஷெம்ப்ரியும் இருந்தார். ஆனால் அந்த அணி ஓடியது சாங்தேயின் வேகத்தில். மிசோரமின் லாலியன்சுவாலா சாங்தே அந்த சீசனில் 7 கோல் அடித்தார். எதிரணித் தடுப்பு அவரைத் துரத்திப் பின்னால் போனதால்தான் வால்ஸ்கிஸுக்கும் கிரிவெல்லாரோவுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டி, கொரோனாவால் ஆள் இல்லாத ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி ஆடி, கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1-3 தோற்றோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். ஒரு பயிற்சியாளரை நம்பி வரும் வெளிநாட்டவர் அவரோடு போவது சகஜம், அதில் துரோகம் எதுவும் இல்லை. அடுத்த சீசனில் டிசம்பரிலேயே கிரிவெல்லாரோவுக்குக் கணுக்காலில் அடி. அவர் இல்லாமல் அணி 20 லீக் ஆட்டத்தில் அடித்தது 17 கோல். டிரா, டிரா, மறுபடி டிரா. பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சலிப்பு.

2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் திரும்பி வந்தார். ரசிகர்கள் கொண்டாடினார்கள். அதே மாதம் சாங்தே மும்பை சிட்டிக்குப் போனார். அதைப் பற்றி முனகல் இருந்தது, ஆர்ப்பாட்டம் இல்லை. வால்ஸ்கிஸ் பழைய வால்ஸ்கிஸாக இல்லை, சீசன் எட்டாவது இடத்தில் முடிந்தது. சாங்தே மும்பையில் மலர்ந்து, 2022-23, 2023-24 இரண்டு வருஷமும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2023-ல் தாபாவும் மோகன் பகானுக்குப் போய்விட்டார். ஒரு வெளிநாட்டவர் போனால் அவரைப் போல இன்னொருவரை உலகம் முழுக்கத் தேடலாம். சாங்தே மாதிரி ஓரத்தில் பாய்ந்து ஆடும் இந்திய விங்கர் சந்தையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இதற்கு நடுவில் வந்தவர்கள் எல்லோரும் மோசம் என்றும் சொல்ல முடியாது. 2022-23-ல் வந்த நெதர்லாந்தின் அப்தெனாசர் எல் கயாத்தி, காயங்களுக்கு நடுவிலும், 9 கோல் அடித்தார். நான் இந்த அணியில் பார்த்த மிக அழகான ஆட்டக்காரர்களில் ஒருவர். அந்த வருஷம்தான் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியை 7-3 என்று அடித்தோம், ஒரே ஆட்டத்தில் பத்து கோல். ஏழு அடிக்கும் அணி மூன்று வாங்குகிறதே என்று அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. சீசன் முடிவில் எட்டாவது இடம். ஸ்காட்லாந்தின் கானர் ஷீல்ட்ஸ் 2024-25-ல் 8 அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்த பாஸ்) கொடுத்தார், அணி 13-ல் 11-வது. முன்னால் அலங்காரம், பின்னால் திறந்த வாசல் என்பது நம் நிரந்தர நோய்.

சரி, ஊர்ப் பையன்கள் விஷயம். "வெளிநாட்டுக்காரன் ஆடும் இடத்தில் வியாசர்பாடிப் பையன் ஆடக் கூடாதா" என்ற கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது. வடசென்னையில் கால்பந்து எவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று தெரிந்தவர்கள் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: களத்தில் ஏழு இடம் இந்தியர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வியாசர்பாடிப் பையன் அந்த ஏழில் ஒன்றுக்காக ஐஸ்வால், இம்பால், கோவா, கேரளப் பையன்களோடு போட்டியிடுகிறான். அந்தப் பையன்களுக்குப் பின்னால் அகாடமியும் இளையோர் போட்டிகளும் இருக்கின்றன. நம் பையனுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மண் மைதானமும் ஓர் அண்ணனும்தான். பிரேசில்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டால் இது மாறிவிடுமா?

இன்னொரு பக்கம், நம் ஆட்கள் வேறு ஊரில் ஆடி ஜெயிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. சென்னையின் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை வீழ்த்திய ஒற்றைக் கோலை அடித்தார். கொல்கத்தாவே அவரைத் தூக்கி வைத்துக்கொண்டது. கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், நம்மை இறுதியில் வென்ற அந்த ஏடிகே அணியில் இருந்தார். ரொமாரியோ கோவாவுக்குப் போனார். இவர்களில் ஒருவர் கூடக் குறைந்தால் சென்னையின் எஃப்.சி.க்கு அது நஷ்டம் என்று நிர்வாகம் நினைத்திருக்க வேண்டும். நிர்வாகத்தை நான் குறை சொல்வது இந்த இடத்தில்தான்.

வாதம் சூடாகும்போது யாராவது அத்லெட்டிக் பில்பாவோவை இழுப்பார்கள். பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ளவர்களை மட்டும் வைத்து ஆடி, ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்காத கிளப். 2024-ல் நாற்பது வருஷத்துக்குப் பிறகு கோபா டெல் ரே கோப்பையும் வென்றார்கள். உண்மைதான், ஆனால் அவர்களுடைய லெசாமா பயிற்சி மையம் 1971-லிருந்து நடக்கிறது. நம் கிளப் பிறந்ததே 2014. எதிர் முனையில் செல்சி, 1999 டிசம்பர் 26 அன்று சவுத்தாம்ப்டனுக்கு எதிராகப் பிரிட்டன்காரர் ஒருவர்கூட இல்லாத பதினொருவரைத் தொடக்கத்தில் இறக்கியது. அன்றைக்கு இங்கிலாந்தில் எழுந்த சத்தமும் நம்முடையது போலத்தான். இந்தியாவிலேயே மோகன் பகான் நூறு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டவரே வேண்டாம் என்றிருந்துவிட்டு, 1991-ல் நைஜீரியாவின் சீமா ஒக்கோரியை எடுத்தது. இப்போது அவர்களுடைய முன்வரிசையில் வெளிநாட்டவர் இல்லாத ஆட்டத்தை ரசிகர்கள் நினைத்துப் பார்ப்பார்களா என்பது சந்தேகம்.

வெளிநாட்டவரால் உண்மையான கேடு ஒன்று உண்டு. அது கிளப்புக்கு அல்ல, இந்திய அணிக்கு. 2014 முதல் 2024-25 வரை ஐஎஸ்எல்லின் கோல்டன் பூட் ஒரு வருஷம்கூட இந்தியருக்குக் கிடைக்கவில்லை. எல்லாக் கிளப்பும் இருக்கும் நான்கு இடத்தில் ஒன்றை ஸ்ட்ரைக்கருக்கும் ஒன்றை நடுத் தடுப்புக்கும் ஒதுக்கிவிடுகின்றன. அதனால் நாட்டில் விங்கர் வளர்கிறான், சென்டர் ஃபார்வர்டு வளர்வதில்லை. 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், நாற்பது வயதில், மறுபடி அழைக்க வேண்டி வந்தது இதனால்தான். அந்த லீக் சீசனில் 14 கோலோடு இந்தியர்களில் முதலிடமும் அவருக்குத்தான். இதற்காகச் சென்னையின் எஃப்.சி. மட்டும் தனியாகத் தியாகம் செய்து ஸ்ட்ரைக்கர் இல்லாமல் ஆட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2017-18-ல் ஜேஜேயை முன்னால் நிறுத்திக் கோப்பை வென்ற கிளப் இது என்பதையும் மறக்க மாட்டேன்.

கடைசிக் கேள்வி, யாரை எடுப்பது. 2025-ல் லீக் நடக்குமா நடக்காதா என்று மாதக்கணக்கில் தொங்கியதில், நல்ல வெளிநாட்டவர் இந்தியாவுக்கு வர யோசிக்கும் நிலை வந்துவிட்டது. பெரிய பெயரை இனி மறந்துவிடலாம். என்னிடம் விட்டால் முதல் பணத்தை உயரமான நடுத் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குச் செலவழிப்பேன். கார்னரில் முட்டத் தெரிந்தவர், பக்கத்தில் நிற்கும் இருபது வயது இந்தியப் பையனிடம் ஓயாமல் கத்திக் கத்தி இடம் சொல்பவர், இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்குச் சம்மதிப்பவர். அடுத்தது கிரிவெல்லாரோ மாதிரி ஒரு பத்தாம் எண், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை அமைப்பவர். அதற்குப் பிறகு மிஞ்சும் பணத்தில் முதலில் இருக்கிற நல்ல இந்திய விங்கரின் ஒப்பந்தத்தை நீட்டிப்பேன், அவர் கேட்கும் தொகை எரிச்சலாக இருந்தாலும். ஸ்ட்ரைக்கருக்கு அப்புறம் என்ன மீதி இருக்கிறது என்று பார்ப்பேன். தமிழ்நாட்டு அணிகளில் ஆடும் பையன்களில் இரண்டு பேரையாவது பெஞ்சில் உட்கார வைத்து, மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் கூட 60-வது நிமிடத்தில் இறக்கச் சொல்வேன். தோற்கிற ஆட்டங்கள் நமக்கு எப்படியும் கொஞ்சம் இருக்கும்.